ஆலைத் தொழிலாளியின் மகனும் பல்திரை அரங்கின் நுழைவுச்சீட்டும்

குற்றத்தில் இறங்கும் இளைஞரைப் பற்றிய திரைப்படம் பார்க்கத் தக்கதா என்னும் கேள்வி இந்தியாவில் தனித்து எழுந்ததில்லை. அதை யார், என்ன விலை கொடுத்துப் பார்ப்பது என்னும் கேள்வியும் உடன் வந்தது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1923-லும் கேளிக்கை வரிக்குச் சட்டம் இயற்றின. 1927-இல், மேலைநாட்டுப் படங்கள் இந்தியரின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றன என்ற கூக்குரலுக்கு நடுவே, சென்னை வழக்கறிஞர் தி. ரங்காச்சாரியின் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு அமைந்தது. நாடெங்கும் சாட்சியம் கேட்ட அக்குழு, குற்றங்களுக்குத் திரைப்படமே காரணம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. வரியோ நின்றது, பின்னர் ஏறவும் செய்தது. அதை 20 சதவீதமாகக் குறைக்கலாம் என்று 1951-இல் எஸ்.கே. பாட்டீல் குழு பரிந்துரைத்ததும் பயன் தரவில்லை. ஆடம்பரம், கேளிக்கை, பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றின் மீதான வரிகளை அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியல் 62ஆம் பதிவில் ஒன்றாக அடுக்கியது. ஆலைக் கூலியின் விடுமுறைப் பொழுதுபோக்கு, சட்டத்தின் பார்வையில் சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு.

வரியே மதிப்பீட்டின் கருவியாகவும் மாறியது. மாநில அரசுகள் தாம் பாராட்ட விரும்பிய படங்களுக்கு வரிவிலக்கு அளித்தன. தமிழ்நாட்டில் 2011-இல் வரிவிலக்கு வேண்டும் படத்துக்குத் தணிக்கையின் ‘யு’ சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்டது. குற்றவுலகின் இளைஞனை மழுப்பாமல் காட்டும் படம் ‘ஏ’ சான்றிதழ் பெறும். ஆகவே முழு வரி செலுத்தும். ‘பயனுள்ள படம்’ என்பதற்கு அரசு வைத்திருந்த இலக்கணம் இவ்வாறு விலைப்பட்டியலிலேயே எழுதப்பட்டிருந்தது.

எனினும் அத்தகைய படங்களுக்குப் பார்வையாளர் குறைந்ததில்லை. 1943-இல் வந்த ‘கிஸ்மத்’ ஒரு ஜேப்படித் திருடனை நாயகனாக்கிக் கல்கத்தாவின் ராக்ஸி அரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடியது. ‘ஆவாரா’வில் (1951) நீதிபதியின் மகன் சேரியில் வளர்ந்து திருடனாகிறான். ‘தீவார்’ (1975) இன்னும் கூர்மையானது. அதில் கடத்தல்காரனாக உயர்பவன், அவமானப்படுத்தப்பட்டு ஊரைவிட்டு ஓடிய ஒரு தொழிற்சங்கத் தலைவனின் மகன். துறைமுகக் கூலியாகத் தொடங்கியவன். முன்வரிசை மலிவு இருக்கைகளில் அமர்ந்தவர்களுள் அத்தகைய தந்தையரும் மகன்களும் இருந்தனர்.

அந்த உறவு அறுந்த இடத்தைக் காட்ட மும்பையின் கிரண்காவ் போதும். பரேல், லால்பாக், வர்லி முதலிய பகுதிகளை உள்ளடக்கிய பஞ்சாலை வட்டாரம் அது. 1982 ஜனவரி 18-இல் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போராட்டம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை, வேலைதான் முடிந்துபோனது. வருவாயற்ற வீடுகளின் மகன்களுள் சிலர் குற்றக் கும்பல்களுக்குச் சென்றனர். இவ்வரலாற்றை மராத்தியில் நாடகமாகவும் சிறுகதையாகவும் எழுதியவர் ஜயந்த் பவார். 2012-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய தொகுப்பின் தலைப்புக்கு ‘பீனிக்ஸின் சாம்பலிலிருந்து எழுந்த மயில்’ என்று பொருள். பீனிக்ஸ் என்பது லோயர் பரேலில் இருந்த ஓர் ஆலையின் பெயர் என்பதை அறிந்தால்தான் தலைப்பின் கசப்பு விளங்கும்.

பவாரின் ‘அதாந்தர்’ நாடகத்தைத் தழுவி, மகேஷ் மாஞ்ச்ரேக்கர் 2010-இல் மராத்தியிலும் இந்தியிலும் படம் எடுத்தார். இந்தி வடிவத்தின் பெயர் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’. பூட்டப்பட்ட ஆலை, பசித்த வீடு, கைத்துப்பாக்கி ஏந்தும் இளைய மகன் ஆகியவற்றுக்கிடையே காரணகாரியத் தொடர்பை விடாமல் பற்றிய படம் அது. 2022 ஜனவரியில் பவாரின் சிறுகதையொன்றிலிருந்து அதே இயக்குநர் இன்னொரு படம் தந்தார்: ‘நாய் வரண் பாத் லோஞ்சா, கோண் நாய் கோஞ்சா’. பருப்புச் சோறும் ஊறுகாயும் இல்லை, யாருக்கும் யாரும் இல்லை என்பது அதன் பொருள். ஆலை வட்டாரத்தில் கொலை வரை செல்லும் பதின்வயதுச் சிறுவர்களின் கதை. சிறுவர் இடம்பெற்ற பாலியல் காட்சிகள் முன்னோட்டத்தில் இருந்ததற்குத் தேசிய மகளிர் ஆணையம் எதிர்ப்புத் தெரிவித்தது. போக்சோ சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. சிறுவனின் வறுமை சொல்ல வேண்டியதைச் சொல்ல அவனுடைய உடலைக் காட்சிப்பொருளாக்கத் தேவையில்லை. ஆனால் விவாதம் முழுவதும் முன்னோட்டத்தைச் சுற்றியே நடந்தது. ஆலை ஏன் மூடப்பட்டது, நிலம் யாரிடம் சென்றது என்பவை பேச்சில் இடம்பெறவே இல்லை.

நிலம் சென்ற வழி ஆவணங்களில் தெளிவாக உள்ளது. ஆலை நிலத்தை மேம்படுத்தும் உரிமையாளர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைப் பொதுவெளிக்கும் மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் தர வேண்டும் என்றது 1991-இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி. 2001-இல் செய்த திருத்தம், கட்டடமில்லாத காலி நிலத்துக்கு மட்டுமே அப்பங்கீடு என்று சுருக்கியது. உச்ச நீதிமன்றமும் 2006-இல் அதை ஏற்றது. அதே 2001-இல் மகாராட்டிர அரசு பல்திரை அரங்குகளுக்கு முதல் மூன்றாண்டுகள் முழுமையாகவும், அடுத்த இரண்டாண்டுகள் முக்கால் பங்கும் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது. பழைய ஒற்றைத் திரை அரங்குகளுக்கு அச்சலுகை இல்லை. எட்டுப் பத்தாண்டுகளாக மலிவுச் சீட்டின்மீதும் சுமத்தப்பட்ட வரி, விலையுயர்ந்த சீட்டுக்கு மன்னிக்கப்பட்டது. பீனிக்ஸ் ஆலை வணிக வளாகமாயிற்று. அதனுள் பல்திரை அரங்கும் வந்தது. ஆலைத் தொழிலாளியின் மகனைப் பற்றிய படத்தை, அவனுடைய தந்தை நூல் நூற்ற நிலத்திலேயே, அவனால் வாங்க இயலாத சீட்டுக்கு விற்கலாம் என்ற நிலை இரண்டு கொள்கை முடிவுகளால் உருவானது.

இந்நிலை படத்தின் உள்ளடக்கத்தையும் தொடாமல் விடுவதில்லை. 2023–24 நிதியாண்டில் பிவிஆர் ஐநாக்ஸ் அரங்குகளில் சராசரி சீட்டு விலை 259 ரூபாய். தின்பண்டச் செலவு தனி. அவ்வளவு கொடுப்பவர் ‘கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது’ என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக அதிர்ச்சியும் இரத்தமும் எளிதில் கிடைக்கின்றன. ஒரு குடும்பம் மெல்லச் சரிவதன் விவரம் அவ்வளவு எளிதில் விலைபோவதில்லை. 2025-இல் இளைஞரின் வன்முறை குறித்துக் கேரளத்தில் எழுந்த கொந்தளிப்பில் ‘மார்கோ’ படம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான சான்றிதழும் அதற்கு மறுக்கப்பட்டது. 1927-இன் குற்றச்சாட்டு சொல் மாறாமல் திரும்பியது போலவே இருந்தது. வன்முறையைக் காட்டுவது குற்றம் என்றால் ‘சிட்டி ஆஃப் கோல்ட்’டும் குற்றவாளியே. கத்தி ஏந்திய கையின் பின்னால் ஒரு வேலையும் வீடும் தெருவும் தெரிகின்றனவா என்பதே இவ்வகைப் படங்களைப் பிரித்தறியும் உரைகல்.

2022 செப்டம்பர் 23-ஆம் நாள், தேசிய சினிமா நாளை முன்னிட்டுப் பல்திரை அரங்குகள் 75 ரூபாய்க்குச் சீட்டு விற்றன. அன்று ஒரே நாளில் 65 லட்சம் பேர் வந்ததாக அரங்க உரிமையாளர் சங்கமே அறிவித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதம். மலிவுச் சீட்டுக்கு இவ்வாறு சலுகை கிடைத்தபோது, அதை விற்று வந்த ஒற்றைத் திரை அரங்குகளில் பல மூடப்பட்டுவிட்டிருந்தன.