ஆடும் பாலமும் அந்த மூணாவது எண்ணும்

கட்டடத்தையோ பாலத்தையோ கம்ப்யூட்டர்ல ஆட்டிப் பாக்கணும்னா சாஃப்ட்வேர் மூணு விஷயம் கேட்கும். எடை: கணக்குப் போட்டுடலாம். விறைப்பு: அதுவும் ஆச்சு. மூணாவது டேம்பிங், அதாவது ஆட்டத்தோட சக்தியை அந்த அமைப்பு எவ்வளவு வேகமா தின்னு தீர்க்குதுங்கற அளவு. இங்கதான் வில்லங்கம். இதை வரைபடத்தை வச்சு கணக்குப் போட முடியாது. மூட்டுகளோட உரசல், கான்கிரீட் விரிசல், அடியில இருக்கற மண்ணு எல்லாம் சேர்ந்து வர்ற எண் அது. கட்டி முடிச்சு ஆட்டிப் பார்த்தாத்தான் தெரியும்!

1877-ல் ரேலே பிரபு ஒலி பத்தின தன் புத்தகத்துல ஒரு குறுக்குவழி காட்டினார். எடையில கொஞ்சம், விறைப்புல கொஞ்சம் எடுத்துக் கூட்டினா அதுதான் டேம்பிங். இயற்கை அப்படி நடந்துக்குதுன்னு இல்லைங்க, கணக்கு சுலபமா முடியும், அவ்ளோதான். இன்னிக்கும் ஆல்ஃபா, பீட்டான்னு மெனுவுல உக்காந்திருக்கறது அதேதான் :-)

எண்ணுக்கு எங்க போறது? 1973-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் அணு உலைகளுக்காக ஒரு அட்டவணை போட்டது. வெல்டிங் எஃகுக்கு சின்ன நிலநடுக்கம்னா 2 சதவீதம், பெருசுன்னா 4. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 4, 7. ஆட்டம் கூடினா விரிசலும் உரசலும் கூடும், டேம்பிங்கும் கூடும்ங்கற நியாயம்.

அந்த நியாயத்தைத் தலைகீழா புரட்டிப் போட்டது லண்டன் மில்லேனியம் பாலம். 2000 ஜூன் 10-ல், தேம்ஸ் நதி மேல நடக்கறவங்களுக்குன்னே திறந்தாங்க. ஒரே நேரத்துல 2000 பேர் வரைக்கும் மேல நிக்க, பாலம் பக்கவாட்டுல ஆட ஆரம்பிச்சது. ஜனங்க கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு, காலை அகட்டி வச்சு, கப்பல்ல நடக்கற மாதிரி நடந்தாங்க. ஜூன் 12-லேயே மூடிட்டாங்க.

வடிவமைச்ச ஆரப் நிறுவனம் கூட்டத்தை நடக்க விட்டே சோதனை பண்ணிச்சு. கிடைச்ச விடை விசித்திரம். பாலம் எவ்வளவு வேகமா பக்கவாட்டுல நகருதோ, அதுக்கேத்த அளவு நடக்கறவங்களும் அதே பக்கம் தள்றாங்க. அதாவது ஒவ்வொரு ஆளும் பாலத்தோட டேம்பிங்ல கொஞ்சம் பிடுங்கிக்கறார். பாலத்துகிட்ட இருந்ததோ 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு பகுதியில சுமார் 160 பேர் வரை சத்தமே இல்லை. அதுக்கு மேல பத்துப் பேர் ஏறினா கையிருப்பு காலி, ஆட்டம் சடசடன்னு ஏறுது. கையிருப்பு பாதியா இருந்தா 80 பேருக்கே இந்தக் கதிதான்.

1993-லேயே ஜப்பான்ல ஒரு நடைபாலம் இப்படி ஆடினதை ஆய்வுக்கட்டுரையா எழுதியிருந்தாங்க. ஆனா விதிப்புத்தகங்கள் செங்குத்து ஆட்டத்தைத்தான் பெருசா பாத்துட்டிருந்தன. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

விறைப்பைக் கூட்டலாமேன்னா, நடுப்பகுதியோட அரை ஹெர்ட்ஸை ஒன்றரை ஆக்க ஒன்பது மடங்கு விறைப்பு வேணும். பாலத்தோட அழகே போயிடும். அதனால 37 திரவ டேம்பர், கூடவே ஐம்பதுக்கு மேல எடை கட்டின டேம்பர். செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. டேம்பிங் 15-20 சதவீதத்துக்குப் போச்சு. 2002 பிப்ரவரில திரும்பத் திறந்தாங்க.

எல்லாரும் ஒரே தாளத்துல நடந்ததாலதான் ஆடிச்சுன்னு ரொம்ப நாள் சொல்லிட்டிருந்தாங்க. தாளம் சேராமலே, விழாம இருக்க ஒவ்வொருத்தரும் காலை மாத்தி வைக்கறதே போதும்னு 2021-ல் வந்த ஆய்வு காட்டிச்சு. ஆட்டம் ஆரம்பிச்ச பிறகுதான் தாளமே சேருது!