பெயர் தர மறுத்தவர்களும் பெயர்த்திரட்டுகளும்

ஒருவரின் இருப்பிடத்தை அவரைக் கேளாமலே அறிந்துகொள்ளும் வசதி இணையத்தோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் அது, பிலடெல்பியா நகரவாசிகளின் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றைத் தொகுத்த நகரத் திரட்டுகள் 1785-இல் அச்சேறியபோதே தொடங்கிவிட்டது. அவற்றுள் ஒன்றைத் தொகுத்த ஜான் மக்பெர்சன், பெயர் சொல்ல மறுத்தவர்களையும் விட்டுவைக்கவில்லை; அவர்கள் சொன்ன மறுப்பையே பெயருக்குரிய இடத்தில் அச்சிட்டு, அதனருகில் முகவரியையும் சேர்த்தார். எரிந்துவிழுந்த பெண்ணொருத்தி சிடுசிடுப்புக்காரி என்றே பதிவானாள். பிற்காலத்தில் தென்மாநில நகரத் திரட்டுகள் கறுப்பினத்தவர் பெயருக்கருகே தனிக் குறியிட்டதைக் காண்கையில், இந்நூல்களை வெறும் வணிகக் கையேடுகளாகக் கொள்வது பிழை என்பது விளங்கும்.

1878-இல் நியூ ஹேவனில் வெளிவந்த முதல் தொலைபேசித் திரட்டு ஏறத்தாழ 50 பெயர்கள் கொண்ட ஒற்றைத் தாள். அதில் எண்களே இல்லை. தொலைபேசி பரவியபின் திரட்டில் இடம்பெற விரும்பாதவர் அதற்கென மாதக் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. ஒதுங்கியிருப்பது விலைகொடுத்துப் பெறும் சலுகையாயிற்று.

உண்மையான திருப்பம் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளில் இருக்கிறது. நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் சிதறிக் கிடக்கும் பதிவுகள் தனித்தனியே பொது ஆவணங்களாயினும், அவற்றை ஒன்றுதிரட்டிய குற்றவரலாற்றுக் கோப்பை அரசு வெளியிடுவது தனியுரிமைக்கு ஊறு என்று 1989-இல் அது கூறியது. தேடிச் சேர்க்கும் சிரமமே தரும் இப்பாதுகாப்பை ‘நடைமுறை மறைவு’ எனலாம். ஆனால் 1991-இல், கான்சாஸ் மாநிலச் சிறு தொலைபேசி நிறுவனமொன்று, திருடரைப் பிடிக்கவென்றே நான்கு போலிப் பெயர்களைத் தன் திரட்டில் நுழைத்து, அவற்றையும் சேர்த்தே நகலெடுத்த போட்டியாளரைக் கையும் களவுமாகப் பிடித்தும், பெயரும் எண்ணும் வெறும் செய்திகளே, அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. தொகுப்போர்க்கு இருந்த பெருந்தடை நீங்கவே, கோடிக்கணக்கான பெயர்கள் குறுந்தகடுகளிலும், பின்னர் ஆள்தேடு தளங்களிலும் ஏறின. முதல் தீர்ப்பை மறந்து இரண்டாவதைப் பற்றிக்கொண்டு வளர்ந்ததே இந்த ஆள்தேடு தொழில் எனல் மிகையாகாது.

சட்டம் எப்போதும் பிந்தியே வந்தது. 1989-இல் லாஸ் ஏஞ்சலிஸில் இளம் நடிகையொருவரைக் கொன்றவன், அவரது முகவரியைத் துப்பறியும் நிறுவனமொன்றின் வழியே மாநில மோட்டார் வாகனத் துறைப் பதிவுகளிலிருந்து பெற்றிருந்தான். அப்பதிவுகளை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் 1994-இல்தான் பிறந்தது. ஒவ்வொரு தளத்திடமும் தனித்தனியே மன்றாடாமல், தனிநபர் விவரங்களைத் திரட்டி விற்கும் தரவுத் தரகர் அனைவரிடமும் ஒரே விண்ணப்பத்தால் நீக்கம் கோரும் உரிமையைக் கலிபோர்னியா 2023-இல் சட்டமாக்கியது. ஆயினும் சொத்துப் பதிவு முதலிய அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்படும் பொதுத் தகவல் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆள்தேடு தளங்களின் மூலப்பொருளில் பெரும்பகுதி அதுவே.