சிறுவர் பணமும் சர்க்கார் பொறுப்பும்

1933ஆம் ஆண்டு மார்ச்சு 6ந் தேதி அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாங்குகள் யாவும் ஒரே உத்தரவால் மூடப்பட்டன. உத்தரவு பிறப்பித்த பிரஸிடெண்டு ரூஸ்வெல்ட் பதவியேற்று இரண்டு நாள்கூட நிறையவில்லை. இத்துணிவைப் புகழாத சரித்திர நூல் அரிது. நாமும் குறை கூற வரவில்லை. ஆயினும் கதவை மூடியதைக் காட்டிலும், திறந்த பின்னர் எவர் பணத்துக்குச் சர்க்கார் பொறுப்பேற்றது என்பதே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அவ்விஷயத்திலோ ரூஸ்வெல்ட்டே எதிர்ப்பக்கத்தில் நின்றவர்.

நெருக்கடி அன்று தோன்றியதன்று. 1930 டிசம்பர் 11ந் தேதி நியூயார்க்கில் 'பாங்க் ஆப் யுனைடெட் ஸ்டேட்ஸ்' மூடப்பட்டது. பெயரைக் கேட்டோர் சர்க்கார் பாங்கென மயங்குவர். உண்மையில் அது தனியார் பாங்கே. அதில் பணம் போட்டவர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர். குடியேறிய யூதத் தொழிலாளரும் சிறு கடைக்காரருமே அவர்களிற் பலர். நகரத்துப் பெரும் பாங்கர்கள் கூடிப் பேசினர். கைகொடுக்க மறுத்துக் கலைந்தனர்.

பின்னர் பிரஸிடெண்டு ஹூவர் காலத்தில், 1932 ஜனவரியில், பாங்குகளுக்கும் இரயில்வேக்களுக்கும் கடனுதவ புனரமைப்பு நிதிக் கழகம் என்றொரு ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டாஸ் என்பவர் ஜூன் மாதத்தில் பதவி விலகிச் சிக்காகோ சென்றார். சென்ற சில வாரங்களுக்குள் அவருடைய பாங்குக்கு அதே கழகம் 9 கோடி டாலர் கடன் அளிக்க இசைந்தது! அப்பாங்கு வீழ்ந்தால் சிக்காகோவின் ஏனைய பாங்குகளும் வீழும் என்று ஹூவர் தரப்பார் வாதித்தனர். வாதம் பொய்யன்று. எனினும் அதே கோடையில், முதல் உலக யுத்தத்தில் போர் புரிந்த வீரர்கள் தமக்கு வாக்களித்த தொகையை முன்கூட்டித் தருமாறு வாஷிங்டனில் குடிசையிட்டுக் கேட்டபோது, ஜூலை 28ந் தேதி பட்டாளத்தை ஏவி அவர்களை விரட்டினர். ஜனங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர், பாராமல் இருப்பரோ?

மோட்டார்த் தொழிலின் தலைநகரான டெட்ராயிட்டில் நடந்தது இன்னும் நுட்பமானது. அந்நகரைப் பற்றிக் கேட்கையில் நாம் அயலாராக இருக்க இயலாது. மோட்டார் விற்பனை குன்றி, ரப்பர் விலை வீழ்ந்து, 1930க்குப் பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர் அன்றோ? அந்நகரின் பெரிய பாங்கு நிறுவனமொன்று 1933 தொடக்கத்தில் தள்ளாடியது. ஈடு போதாது என்றது நிதிக் கழகம். ஹென்றி போர்டு அதில் பெருந்தொகை வைத்திருந்தார். மற்றவர் பணம் தீர்ந்த பின்பே தம் பணத்தைப் பெற இசைவாரா என்று கேட்டனர். அவர் மறுத்தார். அவருடைய முன்னாள் கூட்டாளியான செனட்டர் கசன்ஸோ, போதிய ஈடின்றிப் பொதுப் பணத்தைக் கொடுத்தல் தகாதென உறுதியாக நின்றார். பிப்ரவரி 14ந் தேதி மிச்சிகன் கவர்னர் மாகாணத்துப் பாங்குகள் அனைத்தையும் மூடினார். கசன்ஸ் சொன்ன நியாயம் நமக்கு உவப்பானதே. ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர் அவருமல்லர், போர்டுமல்லர். கூலிப் பணத்தை எடுக்க வழியின்றி நின்ற தொழிலாளரே.

அச்சம் பிற மாகாணங்களுக்கும் பரவிற்று. பற்றுவரவு எழுதிப் பழகிய நமக்கு இதன் காரணம் விளங்கும்: வாங்கிய பணத்தைப் பாங்கு பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாக வெளியே விடுகிறது. எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல பாங்கும் விழும். மார்ச்சு 9ந் தேதி அவசரச் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையார் மசோதாவின் பிரதியும் கையில் இல்லாமல், ஒரு மணிக்கும் குறைந்த நேரத்தில் அதை நிறைவேற்றினர். 12ந் தேதி இரவு ரூஸ்வெல்ட் ரேடியோவில் எளிய சொற்களில் விளக்கினார். மறுநாள் முதல் பாங்குகள் படிப்படியாகத் திறந்தன. எடுக்க நின்ற வரிசை போடுகிற வரிசையாயிற்று. பாங்குகளை நாட்டுடைமையாக்க அதுவே சமயம் என்றோரும் இருந்தனர். அது நடக்கவில்லை. அவ்வாண்டில் மூடிய பாங்குகளோ ஏறத்தாழ 4,000.

இனி, மூலமான வாதம். சிறு வைப்புகளுக்குச் சர்க்கார் உறுதி தரவேண்டுமென்று அலபாமாப் பிரதிநிதி ஸ்டீகல் வாதாடினார். பாங்கர்கள் சீறினர். கவனமாக நடக்கும் பாங்கு ஊதாரிப் பாங்கின் நஷ்டத்தைச் சுமப்பதா என்றனர். அவர்கள் கையில் வலுவான சான்றும் இருந்தது: ஒக்லஹோமா முதலிய எட்டு மாகாணங்கள் 1907க்குப் பின் இம்முறையைத் தனித்தனியே நடத்திப் பார்த்து, 1930க்குள் எட்டும் தோல்வியுற்றன. ரூஸ்வெல்ட்டும் இதே அச்சத்தால் தயங்கினார். நமது எண்ணம் வேறு. ஒரு மாகாணத்தின் விளைச்சல் பொய்த்தால் அங்குள்ள பாங்குகள் ஒருங்கே சாயும். அச்சுமையை அம்மாகாண நிதி எப்படித் தாங்கும்? தேசம் முழுதும் பரவிய நிதியோ தாங்கும். உறுதியைத் தாமதமின்றித் தொடங்கத் திருத்தம் கொணர்ந்தவர் மிச்சிகன் செனட்டர் வாண்டன்பர்க் என்பதும் கவனிக்கத்தக்கது. அடிபட்ட ஊரார் அல்லரோ! ஜூன் 16ந் தேதி ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1934 ஜனவரி முதல் ஒருவர்க்கு 2,500 டாலர் வரை உறுதி ஏற்பட்டது. அவ்வாண்டில் இவ்வுறுதிக்கு உட்பட்ட பாங்குகளில் வீழ்ந்தவை ஒன்பதே.

பாங்கர்களின் ஆட்சேபம் முற்றும் மாண்டுவிடவில்லை. 2023 மார்ச்சில் சிலிக்கன் வேலி பாங்கு வீழ்ந்தபோது 2,50,000 டாலர் என்ற வரம்பைத் தாண்டிய பணத்துக்கும் அமெரிக்க சர்க்கார் பொறுப்பேற்றது. அப்பணம் பெரும்பாலும் கம்பெனிகளுடையது. ஸ்டீகல் பேசியது இவர்களுக்காக அன்று. நம் நாடுகளிலும் 2008 அக்டோபரில் மலேசிய, சிங்கப்பூர் சர்க்கார்கள் எல்லா வைப்புக்கும் வரம்பின்றி உறுதி கூறின. 2010 முடிவில் அதை நிறுத்தி, மீண்டும் வரம்புக்குள் வந்தன.