அரசி வந்த கப்பல்: ‘கராக்குக்கி’ பகுதியும் ‘கிம் சூரோ’ தொடரும் நாஞ்சில் நாட்டுப் பார்வையில்

கொரியாவின் கயா அரசன் சூரோவை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் குமரிக் கரையிலிருந்து கப்பலேறியவள், அவள் பிறந்த ‘அயுத’ நாடு நம் ஆய் நாடே என்ற கருத்து தமிழில் வேரூன்றிவிட்டது. அந்நாடு அயோத்தியே என்பது வடநாட்டுத் தரப்பு. அயோத்தியில் 2001இல் அவளுக்கு நினைவிடமும் எழுந்தது. இரு தரப்பும் ஒன்றையொன்று மறுத்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: கி.பி. 48இல் ஒரு கப்பல் உண்மையிலேயே வந்தது, அது புறப்பட்ட துறையைக் கண்டுபிடிப்பதே மிச்சமுள்ள வேலை. எம்.பி.சி. தொலைக்காட்சி 2010இல் 32 பகுதிகளாக ஒளிபரப்பிய ‘கிம் சூரோ’ தொடரும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. அந்த அடிப்படையை மூலநூல் தாங்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். அதைக் காட்டிய பிறகே தொடரின் நிறைகுறைகளை நியாயமாக எடைபோட முடியும்.

மூலம் என்று நாம் சொல்வது, 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த ‘சாம்குக் யூசா’வில் உள்ள ‘கராக்குக்கி’ என்னும் பகுதி. அதுவும் இர்யோனின் சொந்த எழுத்தன்று. கோரியோ மன்னன் முன்ஜோங் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில், கயா அரசு இருந்த கிம்ஹே வட்டாரத்தை ஆண்ட ஓர் அதிகாரி எழுதியதன் சுருக்கம் அது. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. இந்த இடைவெளி மட்டுமே ஒரு நூலைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. நூல் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

கராக்குக்கி சொல்லும் கதை இது: ஏழாம் மாதம் 27ஆம் நாள் அமைச்சர்கள் அரசனிடம் திருமணப் பேச்சை எடுக்கிறார்கள். துணையை வானம் அனுப்பும் என்று சொல்லி அவன் ஆட்களை மங்சாந்தோ தீவுக்கு அனுப்பிக் காத்திருக்கச் செய்கிறான். தென்மேற்குக் கடலில் செந்நிறப் பாயும் செங்கொடியுமாக ஒரு கப்பல் தென்படுகிறது. தீவில் இருந்தவர்கள் தீப்பந்தம் காட்ட, கப்பலில் வந்தவர்கள் விரைந்து கரையேறுகிறார்கள். அழைத்துப்போக வந்த அதிகாரிகளுடன் செல்ல இளவரசி மறுக்கிறாள். முன்பின் அறியாதவர்களை எப்படி நம்பிப் பின்தொடர்வது என்பது அவள் கேள்வி. அது நியாயம் என்று ஏற்ற அரசன், அரண்மனைக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் கூடாரம் அமைத்துத் தானே எதிர்கொள்ளக் காத்திருக்கிறான். அவள் வழியில் தன் பட்டாடையைக் களைந்து மலைத்தெய்வத்துக்குக் காணிக்கையாக்குகிறாள். கப்பல் கட்டிய துறை, ஆடை களைந்த மேடு, கொடி தெரிந்த கரை என ஒவ்வோர் இடத்துக்கும் பெயர்க்காரணம் சொல்லியபடியே கதை நகர்கிறது. அவளுக்கு அப்போது வயது 16. அவள் 157 வயதில் 189இலும், அரசன் 158 வயதில் 199இலும் இறந்ததாக நூல் முடிக்கிறது.

முந்தைய ஆய்வுகள் பொதுவாகக் கண்டுகொள்ளாமல் கடக்கும் ஒரு செய்தி இதே பகுதியில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏழாம் மாதம் 29ஆம் நாளில் அவ்வூர் மக்களும் பணியாளர்களும் மேட்டில் ஏறிக் கூடாரம் அடித்து, உண்டு குடித்து ஆரவாரம் செய்வார்களாம். கிழக்கும் மேற்கும் பார்வையை ஓட்டுவார்களாம். வலுவான ஆண்கள் இடம், வலம் என இரு அணியாகப் பிரிந்து, மங்சாந்தோவிலிருந்து தரையில் குதிரைகளையும் நீரில் படகுகளையும் போட்டிபோட்டு ஓட்டுவார்களாம். அரசியின் வரவைக் கண்டவர்கள் ஓடிச்சென்று அரசனிடம் சொன்னதன் மிச்சமே இவ்விளையாட்டு என்று அந்த ஆசிரியரே விளக்குகிறார். அவர் தம் காலத்தில் கண்ணால் பார்த்திருக்கக்கூடியது இந்த விழா ஒன்றுதான். தீவில் காத்திருத்தல், தீப்பந்தம், கூடாரம், ஓடிச்சென்று சேதி சொல்லுதல் ஆகியவற்றில் பெரும்பாலானவை விழாவிலும் உள்ளன, கதையிலும் உள்ளன. கதையிலிருந்து விழா பிறந்தது என்பது அவர் முடிவு. விழாவிலிருந்தே கதை இன்றைய உருவம் பெற்றது என்று கொள்வதே எளிய விளக்கமாக எனக்குப் படுகிறது. இதை ஐயமற நிறுவ இயலாதுதான். ஆனால் பயணக் குறிப்பு என்ற கொள்கையைவிட இது மூலத்தின் கூடுதலான கூறுகளை விளக்குகிறது.

நாஞ்சில் நாட்டு வாசகருக்கு இந்த அமைப்பு புதிதன்று. கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கதை தெய்வத்தின் பிறப்பையும் வரத்தையும் வந்து அமர்ந்த இடத்தையும் வரிசையாகச் சொல்ல, உரிய கட்டம் வந்ததும் சாமியாடிக்கு அருள் வருகிறது. அங்கே கதையின் காலமும் சடங்கின் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. கதையில் வரும் குளமும் மேடும் கேட்பவர் கண்முன்னே இருக்கின்றன. ஈழத்திலிருந்து கடல் கடந்து வந்தவனாகப் பாடப்படும் வெங்கலராசனுக்கு, அந்தப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலேறிய ஆண்டையும் துறையையும் நிர்ணயிக்க நாமே துணியமாட்டோம். நம் ஊர்க் கதையிடம் காட்டும் இந்த நிதானத்தைக் கிம்ஹேயின் கதையிடம் காட்ட மறந்ததுதான் சிக்கல்.

இனி நாட்டின் பெயர். ‘அயுத’வைக் குறிக்கக் கராக்குக்கி கையாளும் சீன எழுத்துக்கோவை, 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் தம் பயணநூலில் இந்திய நாடொன்றுக்குக் கையாண்டதே. அதாவது பெயர் பௌத்த நூலகத்தின் வழியே வந்திருக்கிறது. மாலுமிகளின் வாய்வழிச் சேதியாக அது தோன்றவில்லை. இர்யோனே இதற்குத் துணைநிற்கிறார். அரசி கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாசா கல்தூபியைப் பற்றித் தனிப்பகுதி எழுதும் அவர், அக்காலத்தில் கொரியாவில் புத்தக் கோயில் எழுப்பும் வழக்கமே இல்லை என்றும், எட்டாம் அரசன் ஜில்ஜியின் காலத்தில் 452இல்தான் அவள் பெயரால் கோயில் எழுந்தது என்றும் குறிக்கிறார். கராக்குக்கியின் மணக்கதையிலோ தூபியே இல்லை. கோயிலுக்குப் பிறகே அரசிக்கு இந்தியப் பிறப்பு வாய்த்தது என்று எண்ண இடமிருக்கிறது. இந்த வாதம் அயோத்தித் தரப்புக்கும் உதவாது. நூலிலிருந்து எடுத்த பெயர் நூலையே காட்டும். 1ஆம் நூற்றாண்டில் சாகேதம் என்று பெரிதும் அறியப்பட்ட நகரத்தை அது காட்டாது.

மறுப்புகள் சில உண்டு. தாலமி தம் நிலநூலில் ஆய் நாட்டையும் கோட்டாறு எனக் கொள்ளத்தக்க ஊரையும் குறித்திருக்கிறாரே என்பார்கள். ஆய் நாடு இருந்தது என்பதற்கு அது சான்று; அங்கிருந்து ஒரு பெண் கொரியா போனாள் என்பதற்குச் சான்றாகாது. இந்தோ-பசிபிக் கண்ணாடி மணிகள் கொரியக் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. மணிகள் பல கை மாறிப் போகும், இளவரசிகள் அப்படிப் போவதில்லை. அவளுடன் வந்த சரக்கைச் சீனக் கடைப்பொருள் என்றே மூலம் வருணிக்கிறது. உடன்வந்தோர் பெயர்களிலும் தமிழ்ச் சாயல் இல்லை. சூரோவின் கல்லறை வாயிலில் உள்ள இரட்டை மீன் பாண்டியர் கயல் என்பதற்கு நீண்ட பதில் வேண்டியதில்லை: வாயில் ஜோசன் காலத்தது, ஆய் வேளிரின் இலச்சினையோ யானை. அவளுக்குச் ‘செம்பவளம்’ என்று பெயர் சூட்டுவதற்கும் மூலத்தில் ஆதாரமில்லை.

இந்த வாசிப்போடு தொடரைப் பார்த்தால் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. இரும்பைக் கதையின் மையத்தில் வைத்தது தொடரின் பெரிய சாதனை. 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூல் இப்பகுதி இரும்பைச் சுற்றிலும் உள்ளவர்கள் வந்து வாங்கியதையும், அது பணம்போலப் புழங்கியதையும் பதிவு செய்திருக்கிறது. கராக்குக்கியைவிடப் பல நூற்றாண்டு மூத்த சான்று இது. உலைக்களமும் கொல்லர் கூட்டமும் திரையில் வரும்போது, ஓர் அரசு எதனால் எழுந்தது என்ற கேள்விக்குத் தொடர் தகுந்த விடை தருகிறது. தமிழில் பேசவைத்துக் காட்டப்பட்ட கொரியக் காதல் தொடர்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தத் துணிச்சல் வியப்பாகவே இருக்கும்.

ஆனால் அதே யதார்த்தத்தைத் தொன்மத்தின் மீதும் தொடர் பூசுகிறது. பொன்முட்டையிலிருந்து பிறந்த சூரோ, ஜி சங் நடிப்பில், தாய் வயிற்றில் பிறந்த மனிதனாகிறான். மூலத்தில் சூரோவின் போட்டியாளன் தல்ஹே பருந்தாக, சூரோ கழுகாக உருமாறும் போட்டி, அரியணைச் சதியாகச் சுருங்குகிறது. சோ ஜி-ஹே ஏற்ற இளவரசி காதல் கதைக்குள் அடங்குகிறாள். ஊரே கூடி நடத்தும் வரவேற்பு தனிமனிதர்களின் ஆசையாகிவிடுகிறது. எடை வேறுபட்ட இரு சான்றுகளை ஒரே ஒளியில் காட்டுவதால், இரும்புக்குக் கிடைக்கும் நம்பகம் கப்பலுக்கும் தொற்றிக்கொள்கிறது. கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு, ஆய்வாளனுக்கு இல்லை.

நாஞ்சில் நாட்டு ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் இது: கிம்ஹேயின் ஏழாம் மாத விழாவை நம் கொடை விழாக்களோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அதற்கு வேண்டிய பாடல் அறிவும் சடங்கு அறிவும் இங்கே உண்டு. முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரத்தில் 95 மாணவருக்குக் கல்விச்சாலை அமைத்த செய்தியைக் கருநந்தடக்கனின் 866ஆம் ஆண்டுச் செப்பேடு சொல்கிறது. ஆய் நாட்டின் பெருமைக்கு அது போதும், கொரிய அரசி தேவையில்லை.