காற்றை வரவு வைத்த கணக்கேடு

தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பர் கடைசியில் ஓய ஆரம்பித்துவிடும். ஆனால் 1990களின் நடுவில் முப்பந்தலில் கிரேன்கள் பரபரத்தது அந்த மாதத்தில்தான். செப்டம்பர் 30க்குள் புதிய காற்றாலையைச் சுற்றவிட்டு, மின்வாரியத்திடம் சான்று வாங்கிவிட வேண்டும். காரணம் வானிலையில் இல்லை, வருமான வரிச் சட்டத்தில் இருந்தது. ஓர் இயந்திரம் அந்த நிதியாண்டில் 180 நாட்களாவது பயன்பாட்டில் இருந்தால் முழுத் தேய்மானம் எழுதலாம். ஒருநாள் குறைந்தாலும் பாதிதான். காற்றாலைக்கு அன்று தேய்மானம் 100 சதவீதம். 1 கோடி ரூபாய் போட்ட மில் முதலாளி அந்த 1 கோடியையும் முதல் ஆண்டு லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். காற்று மூட்டை கட்டும் நேரத்தில் காத்தாடி நடுவது ஊர்க்காரர்களுக்கு வேடிக்கையாகத் தெரிந்திருக்கும். ஆடிட்டருக்கு அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

செப்டம்பரைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச் 31 இருந்தது. பாதித் தேய்மானமாவது கிடைக்குமே!

தமிழ்நாட்டின் காற்றாலை வரலாற்றைச் சுற்றுச்சூழல் அக்கறையின் கதையாகச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. மாசில்லா மின்சாரத்துக்கு ஒரு வளரும் நாடு எப்படி மாறலாம் என்பதற்கு உதாரணமாகவும் காட்டுகிறார்கள். உதாரணம் சரிதான். ஆனால் அந்த மாற்றத்தை நடத்தியது பசுமை எண்ணமும் இல்லை, டென்மார்க் இயந்திரமும் இல்லை. வரிக் கணக்கும், மின்வாரியம் திறந்துவைத்த ஒரு வரவு-செலவுப் பேரேடும்தான்.

முதலில் இடம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியுமுன் ஆரல்வாய்மொழியில் ஒரு வாசல் விடுகிறது. திருவிதாங்கூர் தன் கிழக்கு எல்லையைக் காக்கக் கோட்டை வரிசை கட்டியிருந்த கணவாய் இது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படை இந்த வழியாகத்தான் உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அரபிக்கடலிலிருந்து வரும் காற்றுக்கும் இதுவே வழி. மலையில் முட்டிய காற்று இந்தச் சந்தில் நெருக்கியடித்துப் புகுந்து, மறுபக்கம் முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் பொட்டல்களில் வேகம் பிடித்து விரிகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இந்த ஊர்களில் யாரும் மிகை என்று சொல்ல மாட்டார்கள். இதேபோல பாலக்காடு, செங்கோட்டை, கம்பம் என்று இன்னும் மூன்று கணவாய்கள் தமிழகத்துக்குள் காற்றை அனுப்புகின்றன. சேர சோழ பாண்டியர் மூவரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று முப்பந்தலின் பெயருக்குக் கதை உண்டு. நெடுஞ்சாலையில் போகும் லாரிக்காரர்கள் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைக் கடப்பார்கள்.

காற்று அடிக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். எவ்வளவு அடிக்கிறது என்று எண்ணில் சொன்னால்தான் பணம் வரும். அந்த எண்ணைத் தேடித் தந்தவர்களில் முதல் பெயர் அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களை ஆராய்ந்தவர். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. வானிலைத் துறையில் சேர்ந்து, அளவைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வைத்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பேருக்குத்தான். இந்தியாவின் காற்றுத் தரவுகளைத் தொகுத்து டி.ஏ.மூலேயுடன் சேர்ந்து 1983இல் நூலாக்கினார். பிறகு நாடெங்கும் கம்பம் நட்டு காற்றை அளக்கும் பெரும் பணியைப் பெங்களூரிலிருந்து வழிநடத்தினார். விமான நிலையத்திலும் நகரத்திலும் இருந்த வானிலைக் கருவிகள் சொன்னதைவிட, கணவாய்களில் காற்று எத்தனையோ மடங்கு வலுவாக வீசுவதை அந்தக் கம்பங்கள் காட்டின. முப்பந்தலில் ஆண்டுச் சராசரியே நொடிக்கு 7 மீட்டர். காற்றாலைக்காரர்கள் தேடி அலையும் எண் அது.

1985இல் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை, சுருக்கமாக டெடா, தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 10 காற்றாலைகள் எழுந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட், டென்மார்க் தயாரிப்பு. குஜராத்தின் ஓகாவிலும் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலும் அதே 1986இல் இதுபோல் மாதிரிப் பண்ணைகள் அமைந்தன. பிறகு கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் உதவியோடு இன்னும் பெரிதாக. அரசு தன் பணத்தில் நட்டு, ஓட்டிக் காட்டி, தனியார் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தது.

பார்க்க வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள்.

அதற்கும் பழைய காரணம் இருக்கிறது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் கோவையில் மில்கள் பெருகின. மின்சாரத்தால் வளர்ந்த ஊர் அது. மின்சாரம் தட்டும்போதெல்லாம் தவித்ததும் அதே ஊர்தான். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்ட் பில். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி 1990இல் எல்லோருக்கும் என்றானது. அந்தச் சுமையில் ஒரு பங்கு ஆலைகளின் கட்டணத்தில் ஏறியது. கட்டணம் ஏற ஏற, சொந்தமாக மின்சாரம் செய்துகொள்ளும் ஆசையும் ஏறியது. ஆனால் மில் இருப்பது கோவையில், காற்று அடிப்பதோ முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி முப்பந்தலில். மில் இரவு பகலாக ஆண்டு முழுக்க ஓட வேண்டும்; காற்றோ மே முதல் செப்டம்பர் வரை வீசிவிட்டு மீதி மாதங்களில் முகம் கொடுக்காது.

இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்தது வீலிங், பேங்கிங் என்ற இரண்டு சொற்கள். காற்றாலைத் தொழிலில் இருப்பவர்கள் இவற்றைத் தமிழாக்கம் செய்யாமல் அப்படியேதான் சொல்கிறார்கள். முப்பந்தலில் உங்கள் காற்றாலை தரும் யூனிட்டை மின்வாரியம் வாங்கிக்கொள்ளும். சிறு கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, கோவையில் உங்கள் மில் மீட்டர் கணக்கில் வரவு வைக்கும். இது வீலிங். ஜூலையில் மிஞ்சிய யூனிட்டை வாரியத்திடமே போட்டுவைத்து ஜனவரியில் எடுத்துக்கொள்ளலாம். இது பேங்கிங். 1993இல் மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதலில் வீலிங் கட்டணம் 2 சதவீதம்தான். பேங்க் செய்த யூனிட்டை நிதியாண்டு முடிவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

உண்மையில் எந்த மின்சாரமும் முப்பந்தலிலிருந்து கிளம்பிக் கோவைக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே உற்பத்தியானதை அக்கம்பக்கத்து ஊர்கள் தின்றுவிடும். நடந்தது முழுக்கக் கணக்கேட்டில். ஒரு காற்றாலைக் கோபுரத்தின் அடியில் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். உரிமையாளர் பெயரும் மின்வாரியத்தின் இணைப்பு எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு மீட்டர் பெட்டி. மேலே இறக்கை சுற்றுவதைக் கேமரா பிடிக்கிறது. முதலாளிக்கு வேண்டியது அந்தப் பெட்டிக்குள் நகரும் எண். வாரியத்துப் பொறியாளர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. மழைக்காலத்தில், அணைகள் நிரம்பித் தேவை குறைந்திருக்கும்போது, யூனிட்டை வாங்கிக்கொண்டு, மின்சாரத்துக்குத் தலைகீழாக அலையும் மாதங்களில் ஒன்றுக்கு ஒன்று திருப்பித் தருவது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தாராளம் இல்லாவிட்டால் கணவாயில் இன்றும் உடைமரம்தான் நின்றிருக்கும்.

கணக்கு இனித்ததும் கூட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1993-94இல் புதிதாக நிறுவப்பட்டது சுமார் 50 மெகாவாட். அடுத்த ஆண்டு 190. அதற்கடுத்த 1995-96இல் 280. அந்த ஆண்டு இந்தியா முழுக்க நிறுவியதே 382 மெகாவாட்தான். பனையும் முள்ளும் நின்ற நிலத்துக்கு விலை முளைத்தது. ஏக்கர் கணக்கில் விற்றவர்களின் பிள்ளைகள் சிலர் கோபுரம் ஏறி கியர்பாக்ஸ் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

இயந்திரங்கள் மட்டும் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. டென்மார்க்கின் சீரான மின்தொடருக்காகச் செய்யப்பட்டவை அவை. இங்கே 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அதிர்வெண் 48க்கு இறங்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கி விளையாடும். அன்றைய காற்றாலைகளின் ஜெனரேட்டருக்குத் தானாக இயங்கத் தெரியாது. மின்தொடரிலிருந்து உந்துசக்தி வாங்கித்தான் மின்சாரம் தர முடியும். கிராமத்து லைன் படுத்துவிட்டால் காற்றாலையும் நிற்க வேண்டியதுதான். ஆனியிலும் ஆடியிலும் காற்று வெளுத்துவாங்கும்போது லைன் படுப்பதும் வாடிக்கை. காற்று உச்சத்தில் இருக்க, நூற்றுக்கணக்கான இறக்கைகள் பிரேக் போட்டு நிற்கும் காட்சியை முப்பந்தல் பலமுறை பார்த்திருக்கிறது. துணை மின்நிலையங்களும் மின்தேக்கிகளும் கூடிய பிறகுதான் நிலைமை தேறியது.

தேறுவதற்குள் வரிச் சட்டம் மாறிவிட்டது. லாபம் காட்டியும் வரி கட்டாத கம்பெனிகளைப் பிடிக்க 1996-97இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது. வரி விகிதங்களும் குறைந்தன. வரியே குறைந்த பிறகு வரிவிலக்குக்கு என்ன மதிப்பு? 280 மெகாவாட் நட்ட மாநிலம் 1997-98இல் நட்டது 31. அதற்கடுத்த ஆண்டு 20க்கும் கீழே. கணவாயில் காற்று மட்டும் வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. வரிக்காகவே நடப்பட்ட இயந்திரங்கள் எவை, மின்சாரத்துக்காக நடப்பட்டவை எவை என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் ஊருக்கே விளங்கிவிட்டது.

2003இல் புதிய மின்சாரச் சட்டம் வந்ததும் இரண்டாவது அலை எழுந்தது. இம்முறை இயந்திரங்களும் பெரியவை; பல்லடம், உடுமலை, தேனி, கடையநல்லூர் என்று மற்ற கணவாய்களின் வாய்களும் நிரம்பின. 2008 முதல் மாநிலத்தை உலுக்கிய மின்வெட்டில் காற்றாலையின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஜூன் பிறந்து காற்று கிளம்பினால் வெட்டு குறையும் என்று வீட்டுப் பெண்கள்கூடப் பருவக்காற்றை எதிர்பார்த்தார்கள். 2013 மார்ச்சில் தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 7,162 மெகாவாட். இந்தியாவின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

கொடுத்த மின்சாரத்துக்கு வாரியம் பணம் தராமல் ஓராண்டைத் தாண்டியும் இழுத்தது இந்தக் காலத்தில்தான். காற்று உச்சத்தில் இருக்கையில் உற்பத்தியை நிறுத்தச் சொன்னதும் இந்தக் காலத்தில்தான். மிஞ்சியதை வெளி மாநிலத்துக்கு அனுப்ப வழி போதவில்லை. தென்னிந்திய மின்தொடர் 2013 டிசம்பர் 31 அன்றுதான் தேசிய மின்தொடருடன் முழுமையாக இணைந்தது.

காற்றாடிகள் மேகத்தைக் கலைத்து மழையைத் துரத்துகின்றன என்ற பேச்சும் இந்த வட்டாரங்களில் அடிக்கடி கேட்கும். மழை மேகம் கோபுர உயரத்தில் போவதில்லை. இந்தப் பொட்டல்கள் மலையின் மறைவில் இருப்பதால் காற்றாலைக்கு முன்பும் அங்கே மழை குறைவுதான். ஆனாலும் மழை பொய்த்த விவசாயிக்குக் கண்ணெதிரே சுற்றுவது அதுதானே!

2017 பிப்ரவரியில் நாட்டின் முதல் காற்றாலை ஏலம் நடந்து யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு முடிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஏலத்தில் 3 ரூபாய் 42 காசு. வரிச்சலுகைக்காக ஒன்றிரண்டு இயந்திரம் நட்ட மில் முதலாளியின் காலம் அதோடு பின்னுக்குப் போனது. ஆயிரம் கோடியில் பேசும் கம்பெனிகள் முன்னுக்கு வந்தன. முதலிடத்தை குஜராத் பிடித்துக்கொண்டது. தமிழ்நாடு 10,000 மெகாவாட்டைத் தாண்டியும் இன்று இரண்டாம் இடத்தில் இருக்கிறது. டெடாவும் 2024இல் தனிப்பெயரை இழந்து, தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகத்தில் கரைந்தது.

நாட்டின் சிறந்த காற்று வீசும் இடங்களில் ஒன்றான முப்பந்தலில் இன்னும் நிற்பவை பெரும்பாலும் 1990களின் சிறு இயந்திரங்கள்தான். 225, 250 கிலோவாட் ரகம். முள்ளக்காட்டின் அந்தப் பத்தும் சேர்ந்து தந்த திறனைப்போல ஐந்து மடங்கை இப்போது ஒரே இயந்திரம் தருகிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கத் தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நான்கு சிறு இயந்திரத்தின் இடத்தில் பெரியது ஒன்று வர வேண்டுமானால் நான்கு முதலாளிகள் ஒத்துப்போக வேண்டும். அவர்கள் ஒத்துப்போனாலும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: பழைய பேங்கிங் புதிய இயந்திரத்துக்கும் உண்டா?