ஒரே குச்சி, இரண்டு வெயில்: சேலத்து ஜவ்வரிசிக்குப் பின்னால் ஒரு நொதி

சேந்தமங்கலம் பக்கம் சித்திரை வெயில்ல குச்சிக்கிழங்குக் காட்டுல நின்னு பார்த்திருக்கீங்களா? அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா கொல்லிமலை. மேலேயும் அதே மரவள்ளிதான். ஆனால் உயரம் 1000 மீட்டருக்கு மேல். வெப்பம் ஆறேழு டிகிரி குறைவு.

இந்தப் பயிரை விதை போட்டு வளர்ப்பதில்லை, தண்டை வெட்டி நடுகிறோம். ஆகவே ஒரு ரகத்தின் குச்சிகள் எல்லாம் மரபில் ஒரே செடி. அந்தச் செடி இரண்டு வெயிலையும் எப்படிச் சமாளிக்குது?

முதல்ல கொஞ்சம் வரலாறு. தென்னமெரிக்கக் கிழங்கு இது. போர்த்துகீசியர் வழியாக மேற்குக் கரைக்கு வந்தது. 1880களில் திருவிதாங்கூரின் விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் மலாயா ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943-ல் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. போர், வியாபாரி, சங்கம் என்று எல்லாரும் இந்தக் கதையில் இருக்காங்க. இலை மட்டும் இல்லை.

காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மாவாக்கும் வேலையைத் தொடங்குவது ரூபிஸ்கோ என்ற நொதி. அது நல்ல சூடு தாங்கும். ஆனால் அது அடிக்கடி அடைபட்டுப் போகும். அடைப்பை எடுத்துவிட ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற துணை நொதி வேண்டும். வெயிலில் முதலில் தளர்வது இந்தத் துணைதான். 2000-ஐ ஒட்டி ஆரிசோனாவில் சால்வுச்சி, கிராஃப்ட்ஸ்-பிராண்ட்னர் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். சூடு பட்ட பருத்தியும் கோதுமையும் ஆக்டிவேஸின் புது வடிவம் ஒன்றைத் தயாரிப்பதையும் கண்டார்கள்.

மரவள்ளியை 1990களின் தொடக்கத்தில் கொலம்பியாவில் எல்-ஷர்காவி குழு சோதித்தது. குளிர்ந்த மேட்டில் வளர்ந்த செடிகளின் ஒளிச்சேர்க்கை மந்தமாக இருந்தது. வெப்பமான இடத்தில் ஒரு வாரம் வைத்ததும் ஓரளவு தேறியது. 30-35 டிகிரியில் உச்சம்.

சேலம், நாமக்கல் சமவெளி வருஷத்தில் பல மாசம் அந்த அளவில்தான் இருக்கு. கோடையில் அதைத் தாண்டிடுது. தண்ணீர் குறைஞ்சா இலைத்துளைகள் மூடிக்கும். ஆவியாதல் நின்று இலை இன்னும் சூடாகும். அப்போ கொடுக்கிற ஒரு தண்ணி வேருக்கு மட்டுமில்லை, நொதிக்கும்தான்.

ஆலை வந்தது 1943-ல். அதற்கு மாவு தந்த ஏற்பாடு இலைக்குள் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை உண்டு என்பதை நாம மறந்துடக் கூடாது.