இரு பந்தெறிவாளரும் பத்து இலட்சம் டொலரும்: 1966 ஆம் ஆண்டு டொஜர்ஸ் கழகத்தின் பருவ முற்கணிப்பு

பேஸ்போல் ஆட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் வென்ற ஆட்டங்களையும் எய்திய சாதனைகளையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுவதே பெருவழக்கு. ஆட்டப்பருவம் தொடங்குமுன் நிகழும் கணிப்பு அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. ஆண்டுதோறும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்கக் கழகங்கள் வெப்பமான தென்பகுதிகளில் முகாமிட்டுத் தத்தம் பந்தெறிவாளரை எடைபோடுகின்றன. எவரது தோள் இன்னும் ஓராண்டு தாங்கும், எவரை விற்றுவிடலாம், எவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பனவெல்லாம் அங்கேயே தீர்மானமாகின்றன. விளையாட்டு நுணுக்கம் போலத் தோன்றும் இக்கணிப்பினுள் உடைமைக்கும் உழைப்புக்கும் இடையிலான உறவு மறைந்து கிடப்பதை 1966 ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொஜர்ஸ் கழகத்தில் நிகழ்ந்தவை வெளிக்கொணர்ந்தன.

கிரிக்கெற்றை அறிந்தோர் ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். கிரிக்கெற்றில் பந்துவீச்சு ஓவருக்கு ஓவர் கைமாறுவது. பேஸ்போலில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளர் இயலுமாயின் ஒன்பது இன்னிங்ஸும் தாமே எறிவது அக்காலத்தில் வழக்கமாயிருந்தது. ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டவர் அன்று மீண்டும் களமிறங்க இயலாது. 1960களில் 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தைப் பெரும்பாலும் நான்கு தொடக்க எறிவாளர் முறைவைத்துத் தாங்கினர். ஆகவே அந்நால்வரில் ஒருவர் குறைந்தாலும் கழகத்தின் கணக்கு முழுவதுமே மாறிவிடும்.

1965 இல் டொஜர்ஸ் 97 ஆட்டங்களை வென்று, உலகத் தொடரில் மினசோட்டாக் கழகத்தையும் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் வீழ்த்திற்று. துடுப்பாட்டத்தில் அது வலிமையற்ற கழகம். அவ்வாண்டு அது அடித்த ஹோம் ரன்கள் 78 மாத்திரமே. அன்றிருந்த இருபது பெருங்கழகங்களில் இதுவே மிகக் குறைந்த தொகை. அவற்றுள்ளும் ஏழினைப் பந்தெறிவாளரான டொன் டிரைஸ்டேலே அடித்தார் என்பது அக்கழகத்தின் நிலையை உணர்த்தப் போதுமானது. வெற்றியை ஈட்டியவை எறிவாளர் கைகள். இடக்கையரான சான்டி கூபக்ஸ் 26 ஆட்டங்களை வென்று 382 துடுப்பாளரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றினார். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.04. வலக்கையரான டிரைஸ்டேல் 23 ஆட்டங்களை வென்றார். கூபக்ஸ் 41 ஆட்டங்களையும் டிரைஸ்டேல் 42 ஆட்டங்களையும் தொடங்கினர். 162 ஆட்டங்களில் சரிபாதிக்கும் மேற்பட்டவை இவ்விருவர் கையில் இருந்தன.

எஞ்சியோரை நோக்கின், குளோட் ஒஸ்டீன் நம்பத்தக்க இடக்கையர்; எனினும் அவ்வாண்டு வென்றவை பதினைந்து, தோற்றவையும் பதினைந்து. ஜொனி பொட்ரெஸ் தமது சிறந்த ஆண்டுகளைக் கடந்துவிட்டார். டெட்ரொயிற் கழகத்தினின்றும் 1965 டிசம்பரில் பெறப்பட்ட பில் ரேகனை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. இருபது வயதினரான டொன் சட்டன் பெருங்கழக ஆட்டம் எதிலும் அதுவரை எறிந்திராதவர்.

இவற்றுக்கெல்லாம் மேலாகக் கூபக்ஸின் இடது முழங்கை ஒரு வினாக்குறியாக நின்றது. அம்மூட்டில் வாதநோய் கண்டிருப்பது 1965 இன் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. கிழமைக்கு ஒருமுறை மாத்திரம் எறிவிக்கலாம் என்று அவ்வேளை பேசப்பட்டது. நடந்ததோ வேறு. அப்பருவத்தில் அவர் 335 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். உலகத் தொடரின் இறுதியாட்டத்தை இரண்டே நாள் ஓய்வுடன் எறிந்து எதிரணிக்கு ஓட்டமெதுவும் கொடாது வென்றார். கோர்ட்டிசோன் ஊசிகளும், எரிச்சலூட்டும் களிம்பும், ஆட்டம் முடிந்தபின் பனிக்கட்டி நீரில் கையை அமிழ்த்தி வைத்தலுமே அக்கையை இயங்கச் செய்தன.

இத்தகைய உழைப்புக்கு விலை நிர்ணயிக்கப்பட்ட முறை கவனத்துக்குரியது. 1879 இல் ஐந்து ஆட்டக்காரரை மாத்திரம் குறித்துத் தோன்றிப் பின்னர் எல்லோரையும் பிணித்த தக்கவைப்பு விதியின்படி, ஒப்பந்தக்காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரர் அதே கழகத்துக்கே உரியவராயிருந்தார். பிறிதொரு கழகத்திடம் அவர் விலை பேச முடியாது. பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகமன்று என 1922 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வேற்பாட்டுக்கு அரணாயிற்று. கழகம் கொடுப்பதைப் பெறுவது அல்லது ஆட்டத்தை விட்டு விலகுவது என்ற இரண்டே வழிகள் ஆட்டக்காரருக்கு இருந்தன. ஆட்டக்காரர் தனித்தனியே பேச வேண்டியிருந்தமை கழகத்துக்கு மேலுமொரு வாய்ப்பைத் தந்தது. கழகத்தின் பொது முகாமையாளர் பஸி பவாசி, கூபக்ஸிடம் டிரைஸ்டேலின் கோரிக்கை குறைவானதென்றும், டிரைஸ்டேலிடம் கூபக்ஸின் கோரிக்கை குறைவானதென்றும் கூறிவந்ததை இருவரும் ஓர் இரவு விருந்தின்போது ஒப்பிட்டு அறிந்தனர் என்பர்.

அதன் விளைவாக எழுந்த முடிவு பேஸ்போலுக்குப் புதியது. இருவரும் சேர்ந்தே கையொப்பமிடுவது, அல்லது இருவருமே விலகி நிற்பது என உறுதிபூண்டனர். மூன்றாண்டுகளுக்கு இருவருக்குமாகப் பத்து இலட்சம் டொலரைச் சமமாகப் பகிர்ந்தளிக்க வேண்டுமென்று கேட்டனர். 1965 இல் கூபக்ஸின் ஊதியம் 85,000 டொலர். டிரைஸ்டேலின் ஊதியம் 80,000 டொலர். தம் சார்பில் பேச ஹொலிவூட் வழக்கறிஞர் பில் ஹேஸை அமர்த்தினர். உடைமையாளர் வோல்டர் ஓமாலி முகவருடன் பேச மறுத்தார். தொகையினும் கூட்டாகக் கேட்ட முறையே நிருவாகத்தை அதிகம் அச்சுறுத்தியது எனலாம். இருவர் செய்வதைப் பின்னர் அணி முழுவதுமே செய்யக்கூடுமல்லவா?

புளோரிடாவின் வேரோ பீச் முகாம் அவ்விருவரின்றித் தொடங்கியது. அவர்களோ திரைப்படமொன்றில் நடிக்க ஒப்பந்தமாயினர். இதனிடையே ஹேஸ் கலிபோர்னியச் சட்டமொன்றை ஆராயலானார். தனிமனித சேவை ஒப்பந்தம் எவரையும் ஏழாண்டுகளுக்கு மேல் கட்டுப்படுத்தாது என 1944 இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் தொடுத்த வழக்கில் நிலைநாட்டப்பட்டிருந்தது. திரைப்பட நிறுவனத்துக்குப் பொருந்திய சட்டம் பேஸ்போல் கழகத்துக்கும் பொருந்துமாயின் தக்கவைப்பு விதியின் அடித்தளமே ஆட்டம்காணும். ஆயின் வழக்கு மன்றேறவில்லை. 32 நாள் விலகி நின்றபின், பருவம் தொடங்க இரு கிழமையளவே இருக்கையில், மார்ச் 30 இல் உடன்பாடு ஏற்பட்டது. கூபக்ஸுக்கு 125,000, டிரைஸ்டேலுக்கு 110,000 டொலர். இரண்டும் ஓராண்டு ஒப்பந்தங்களே.

அவ்வாண்டின் ஆட்டம் முற்கணிப்புகளைப் பலவாறு பொய்ப்பித்தது. கூபக்ஸ் 27 வெற்றிகளையும் 1.73 என்ற சராசரியையும் பெற்றார். டிரைஸ்டேல் 13 ஆட்டங்களை வென்று 16 இல் தோற்றார். மதிக்கப்படாதிருந்த ரேகன் இடையில் புகுந்து எறிபவராக 14 வெற்றிகளையும் ஒரேயொரு தோல்வியையும் பெற்றார். சட்டன் 12 ஆட்டங்களை வென்றார். கழகம் தேசிய லீக்கில் முதலிடம் பெற்று, உலகத் தொடரில் பல்ரிமோர் கழகத்திடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. நவம்பர் 18 இல், முப்பது வயதிலேயே, கூபக்ஸ் ஓய்வை அறிவித்தார். அடுத்த பருவத்தில் டொஜர்ஸ் 73 ஆட்டங்களை மாத்திரம் வென்று பத்துக் கழகங்களுள் எட்டாம் இடத்துக்குச் சரிந்தது.

மூன்றாண்டு ஒப்பந்தத்தை மறுத்த நிருவாகம் தொலைநோக்குடையது என இதனைக்கொண்டு வாதிடுவோர் உளர். பணக்கணக்கை மட்டும் நோக்கின் அது பொருந்தலாம். ஆயின் முழங்கையைத் தேயவைத்த ஆட்டங்களின் பயனைக் கழகமே நுகர்ந்தது. 1965 இல் 25 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் அரங்குக்கு வந்தனர். ஓராண்டு ஒப்பந்தம் என்பது தேய்மானத்தின் முழுச்சுமையையும் ஆட்டக்காரர்மீது ஏற்றும் ஏற்பாடாகவே இருந்தது.

அதே இளவேனிலில், உருக்குத் தொழிலாளர் சங்கத்திற் பயின்ற மார்வின் மில்லர் முகாம் முகாமாகச் சென்று ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அவ்வாண்டே அப்பொறுப்புக்குத் தெரிவும் செய்யப்பட்டார். 1975 டிசம்பரில் நடுவர் பீற்றர் சைற்ஸ் தக்கவைப்பு விதி ஓராண்டுக்கு மேல் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். அவ்வழக்கின் ஆட்டக்காரர் இருவரும் பந்தெறிவாளரே. ஒருவரான அன்டி மெஸர்ஸ்மித் டொஜர்ஸ் கழகத்தவர். அதனைத் தொடர்ந்த பேச்சுவார்த்தையில், கூபக்ஸும் டிரைஸ்டேலும் செய்தவாறு ஆட்டக்காரர் இனிக் கூட்டாகப் பேரம் பேசலாகாது என உடைமையாளர் நிபந்தனை கோரினர். கழகங்களும் தமக்குள் கூடிச் செயற்படலாகாது என்பதையும் சேர்த்தால் உடன்படுவதாக மில்லர் கூறினார், அவ்வாறே எழுதப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வாங்குவதில்லை எனக் கழகங்கள் தமக்குள் கூடிச் செயற்பட்டபோது, நடுவர்கள் இவ்வாசகத்தைக்கொண்டே அவற்றைக் குற்றவாளிகளாகக் கண்டனர். 1990 இல் உடைமையாளர் செலுத்த உடன்பட்ட இழப்பீடு 28 கோடி டொலர்.